புரொவைடரின் லேயர்-2 லைன் மேல் சொந்த எம்பிஎல்எஸ்: கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியது

கோவையை நடுவில் வைத்து, திருப்பூரையும் சென்னையையும் வாடகை லேயர்-2 லைன்களால் (ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே கடத்தும் லைன்கள்) இணைத்தோம். அதன் மேல் எங்கள் சொந்த எம்பிஎல்எஸ்ஸை, அதாவது பாக்கெட்டுகளில் லேபிள் ஒட்டி வழிகாட்டும் முறையை, ஓட்டினோம். கோவை தலைமை அலுவலகத்திலிருந்து திருப்பூர் கிளைக்கு எல்லாம் ஓடியது. கோவையிலிருந்து சென்னைக்கும் ஓடியது. திருப்பூரிலிருந்து சென்னைக்கு மட்டும் டேலி திறக்கவில்லை. பிங் போகிறது, எஸ்எஸ்எச் லாகின் ஆகிறது, ஆனால் பெரிதாக எதை இழுத்தாலும் பாதியில் உறைந்து நிற்கிறது. மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் குற்றவாளி நான்கே நான்கு பைட்.

அந்த நான்கு பைட் எங்கே போனது என்பதை 3-வது படியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. இந்த வேலையில் ரூட்டர் கான்ஃபிகரேஷன் சின்னப் பகுதி. உங்களுக்கு ஓஎஸ்பிஎஃப், பிஜிபி (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள்) ஓரளவு தெரிந்தால் இரண்டு நாளில் முடித்துவிடலாம். மாதக்கணக்கில் இழுப்பது எல்லாம் ஆர்டர் ஃபாரத்தில் கேட்காமல் விட்ட கேள்விகள்தான். அதனால் கீழே கட்டளைகளைவிட காகிதங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன்.

1. முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

மூன்று கிளை, ஒரே நெட்வொர்க், எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றால் வேண்டாம். லேயர்-2 லைன் மேல் வெறும் ஓஎஸ்பிஎஃப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கணக்குப் பிரிவு, சிசிடிவி, தொழிற்சாலை இயந்திரங்கள், விருந்தினர் வைஃபை என்று ஒன்றையொன்று தொடக்கூடாத நாலைந்து நெட்வொர்க்குகள் எல்லாக் கிளைகளிலும் இருந்தால்தான் எம்பிஎல்எஸ்ஸுக்கு அர்த்தம். அதுவும் கிளைகள் கூடிக்கொண்டே போகும்போது. இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒவ்வொரு விஆர்எஃப்புக்கும் (ரூட்டருக்குள் தனித்துப் பிரித்த ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும்) ஒரு வீலான் (டேக் போட்டுப் பிரித்த தனித் தடம்) இழுத்தால் போதும். பத்துக் கிளை, ஐந்து விஆர்எஃப் என்று ஆனால் அந்த வழி கைமீறிப் போய்விடும்.

2. விற்பனையாளரிடம் "எம்பிஎல்எஸ்" என்ற சொல்லைச் சொல்லாதீர்கள்

சொன்னீர்களோ, "சார், எம்பிஎல்எஸ்தானே? நம்மகிட்டயே இருக்கே!" என்று அவர்களுடைய லேயர்-3 விபிஎன்னை (ஐபி பாதைகளை அவர்களே நடத்தும் சேவையை) எழுதிவிடுவார்கள். எங்களுக்கு முதல் கொட்டேஷன் அப்படித்தான் வந்தது. அது அவர்களுடைய எம்பிஎல்எஸ். அங்கே உங்கள் ரூட்டர் வெறும் வாடிக்கையாளர் ரூட்டர். அதிலிருந்து லேபிள் ஒட்டிய பாக்கெட்டை அனுப்பினால் அவர்கள் பக்கத்து ரூட்டர் அதைக் குப்பையில் போட்டுவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியது இது: "இரண்டு இடங்களுக்கு நடுவே பாயின்ட்-டு-பாயின்ட் ஈதர்நெட் லைன். நான் இந்தப் பக்கம் விடும் ஃபிரேம் அந்தப் பக்கம் அப்படியே வர வேண்டும்." சில இடங்களில் இ-லைன் என்பார்கள், சில இடங்களில் ஈபிஎல், பழைய ஆட்கள் எல்2 விபிஎன் என்பார்கள். எல்லாக் கிளைகளையும் ஒரே சுவிட்சில் சொருகியதுபோல் தரும் விபிஎல்எஸ் சேவையும் உண்டு. விலை கவர்ச்சியாக இருக்கும். நான் அதைத் தவிர்க்கச் சொல்வேன். அவர்களுடைய வலைக்குள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவில் மட்டும் இணைப்பு அறுந்தால், உங்கள் ஓஎஸ்பிஎஃப்புக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு கிளைகளும் மூன்றாவது கிளையில் எல்லோருக்கும் பிரதிநிதியாக உள்ள டிஆர் ரூட்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும், அதனால் பாதை சரியாக இருப்பதாகவே நம்பும். பாக்கெட்டுகள் மட்டும் கிணற்றில் விழுந்துகொண்டிருக்கும். பாயின்ட்-டு-பாயின்ட் என்றால் இந்தத் தொல்லை இல்லை. லைன் இருக்கிறது, அல்லது இல்லை.

3. பைட் கணக்கை நீங்களே போடுங்கள்

சாதாரண ஐபி பாக்கெட் 1500 பைட் வரை வரும். ஒவ்வொரு எம்பிஎல்எஸ் லேபிளுக்கும் 4 பைட். லேயர்-3 விபிஎன்னில் பாதை காட்ட ஒரு லேபிள், எந்த விஆர்எஃப் என்று காட்ட இன்னொன்று. ஆக 1508. ஃபாஸ்ட் ரீரூட் (லைன் அறுந்தால் உடனே மாற்றுப் பாதைக்குத் தாவும் வசதி) போட்டால் இன்னொரு லேபிள், 1512. உங்கள் எம்பிஎல்எஸ் மேல் நீங்களே ஒரு சூடோவயர் (முழு ஈதர்நெட் ஃபிரேமையே லேபிளுக்குப் பின்னால் வைத்துக் கடத்தும் தடம்) ஓட்டினால் உள்ளே வரும் ஈதர்நெட் தலைப்பு 14, வீலான் டேக் 4, கன்ட்ரோல் வேர்டு 4, லேபிள்கள் 8 சேர்ந்து 1530. மேக்செக் குறியாக்கமும் வேண்டுமென்றால் இன்னொரு 32.

அதனால் குறைந்தது 1600 கேளுங்கள். 9000 தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பொறி எங்கே என்று பாருங்கள். எங்கள் புரொவைடர் "எம்டியு 1522" என்று மெயிலில் எழுதிக் கொடுத்தார். எம்டியு என்றால் லைன் ஒரே துண்டாகக் கடத்தக்கூடிய அதிகபட்ச அளவு. 1508 போதும், 1522 இருக்கிறது, 14 பைட் மிச்சம் என்று நான் மகிழ்ந்துபோனேன். ஆனால் அந்த 1522 முழு ஃபிரேமின் அளவு. அதில் ஈதர்நெட் தலைப்பு 14, கடைசியில் வரும் எஃப்சிஎஸ் (பிழைச் சோதனை எண்) 4 போக உள்ளே வைக்க மிஞ்சுவது 1504. வீலான் டேக்கோடு ஒப்படைத்திருந்தால் வெறும் 1500தான். 1522 என்பது டேக் போட்ட சாதாரண ஈதர்நெட் ஃபிரேமின் அளவு, அவ்வளவே. எங்களுக்கு என்று அவர்கள் ஒரு பைட்கூடக் கூட்டித் தரவில்லை.

சரி, பிறகு எப்படிக் கோவை–திருப்பூர் ஓடியது? நேரடியாக இணைந்த இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே பாதை லேபிள் ஒட்டப்படாது. அடுத்த ரூட்டரே கடைசி ரூட்டர் என்பதால் அனுப்பும் ரூட்டர் அதைக் கழற்றிவிடும். லைனில் போவது விஆர்எஃப் லேபிள் ஒன்றுதான்: 1504. கச்சிதமாக நுழைந்துவிட்டது. திருப்பூரிலிருந்து கோவை வழியாகச் சென்னைக்குப் போகும்போது முதல் லைனில் இரண்டு லேபிளும் இருக்கும்: 1508. அங்கேதான் செத்தது. எங்கள் ரூட்டரில் 1600 என்று நானே போட்டு வைத்திருந்ததால் ரூட்டரும் புகார் சொல்லவில்லை. புரொவைடரின் சுவிட்ச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டது.

இதைக் கண்டுபிடித்தது ஒரு விண்டோஸ் லேப்டாப். துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு திருப்பூரிலிருந்து சென்னைக்குப் பிங் அடித்துக்கொண்டே அளவை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். 1468 போனது. 1469 போகவில்லை. 1468-உடன் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகள் 28 சேர்த்தால் 1496, இரண்டு லேபிள் 8 சேர்த்தால் 1504. காகிதத்தில் இந்தக் கூட்டலைப் போட்டபோது இரவு பதினொன்றரை மணி. கேன்டீன் மூடியிருந்தது, ஒரு டீகூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு குழப்பம்: ரூட்டர் கம்பெனிக்குக் கம்பெனி எம்டியு கணக்கு வேறு. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இன்டர்ஃபேஸ் எம்டியு 1500 என்றால் ஈதர்நெட் தலைப்பு சேராது. ஜூனிபரிலும் சிஸ்கோ ஐஓஎஸ்-எக்ஸ்ஆரிலும் தலைப்பின் 14 பைட்டும் சேர்த்து 1514 என்று காட்டும். மைக்ரோடிக்கில் எல்2எம்டியு, எம்பிஎல்எஸ் எம்டியு என்று தனித்தனியாக இருக்கும். ஒரு முனையில் ஒரு கம்பெனி, மறு முனையில் இன்னொன்று என்றால் இரண்டு பக்க எம்டியுவும் பொருந்தாமல் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்போது எம்டியு சோதனையைப் புறக்கணிக்கும் கட்டளையைப் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். போடாதீர்கள். அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்.

4. ஆர்டர் ஃபாரத்தோடு எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்

வாயால் சொன்னது எதுவும் செல்லாது. விற்பனையாளர் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். கீழே உள்ளவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, அவர்களுடைய தொழில்நுட்பப் பிரிவிடம் பதில் வாங்கி, பர்ச்சேஸ் ஆர்டரின் இணைப்பாக வையுங்கள்.

எம்டியு: "ஈதர்நெட் தலைப்பு, டேக், எஃப்சிஎஸ் நீங்கலாக உள்ளே எத்தனை பைட்?" இப்படியே கேளுங்கள். லாஸ்ட் மைல் வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்ததா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அந்தத் துண்டுக்கும் இதே எண் பொருந்துமா? நடுவழியில் ஒரு சின்ன மீடியா கன்வர்ட்டர் போதும், எல்லாவற்றையும் கெடுக்க.

ஃபிரேம் வகை: ஹெக்ஸில் 8847 என்ற ஈதர்டைப் உள்ள ஃபிரேம்கள் தடையில்லாமல் போகுமா? எம்பிஎல்எஸ் ஃபிரேமின் அடையாளம் அதுதான். சில அணுகல் சுவிட்சுகளில் ஐபியும் ஏஆர்பியும் மட்டும் போகட்டும் என்று வடிகட்டி போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் எல்டிபி (ரூட்டர்கள் லேபிள்களைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) அண்டைவீடு, அதாவது பக்கத்து ரூட்டரோடு உறவு, எழும்பும், லேபிள்கள் எல்லாம் அட்டவணையில் வரும், எல்லாம் பச்சையாகத் தெரியும், விஆர்எஃப்பில் ஒரு பாக்கெட் நகராது. ஏனென்றால் எல்டிபி பேசுவது சாதாரண ஐபி மேல், 646 என்ற போர்ட்டில்.

கன்ட்ரோல் வேர்டு: இது பலருக்குத் தெரியாது. உங்கள் ஃபிரேமை அவர்கள் தங்கள் கோரில் லேபிளுக்குப் பின்னால் வைத்துத்தான் தூக்கிப்போகிறார்கள். வழியில் உள்ள ரூட்டர்கள் பல லைன்களுக்குச் சுமையைப் பிரிக்க, லேபிளுக்கு அடுத்த முதல் இலக்கத்தை எட்டிப் பார்க்கும். 4 என்றால் ஐபிவி4, 6 என்றால் ஐபிவி6 என்று எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் இருப்பதோ உங்கள் ரூட்டரின் மேக் முகவரி. அது 4-லோ 6-லோ தொடங்கினால் தப்புக் கணக்குப் போட்டு, ஒரே உரையாடலின் பாக்கெட்டுகளை வெவ்வேறு பாதையில் அனுப்பி வரிசையைக் கலைத்துவிடும். போனில் குரல் உடைந்து உடைந்து வரும். இரண்டு முனையிலும் கன்ட்ரோல் வேர்டு (லேபிளுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வரும் 4 பைட்) போட்டால் அந்த இடத்தில் பூஜ்யம் வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8469 இதைத்தான் வலியுறுத்துகிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு உடனே புரியும்.

வேகம்: வாங்கும் 100 எம்பிபிஎஸ்ஸில் ஈதர்நெட் தலைப்பும் சேருமா, அதற்கு மேல் போனால் வெட்டுவார்களா, கொஞ்சம் பொறுப்பார்களா?

ஒப்படைப்பு: டேக்கோடா, இல்லாமலா? ஒற்றை மோட் ஃபைபரா, செம்புக் கம்பியா? எஸ்எஃப்பி யார் தருவது? அந்த ஒரு மாட்யூல் இல்லாமல் கமிஷனிங் பொறியாளர் கையை விரித்துத் திரும்பிப்போன நாள் எங்களுக்கு உண்டு.

1500-க்கு மேல் தரவே முடியாது என்று சொல்லிவிட்டால்? வேறு வழியே இல்லாத ஊரில், கிளைகள் பக்கத்து ஐபி எம்டியுவை 1492 ஆக்கி, டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவை) 1452-க்குக் கட்டிவிடலாம். வெப், டேலி, கோப்புப் பகிர்வு ஓடும். ஆனால் யுடிபியில் பெரிய பாக்கெட் அனுப்பும் மென்பொருள் எதுவும் இந்தக் கட்டுக்கு அடங்காது. ஒட்டுப்போட்ட வேட்டிதான்.

5. காகிதம், செலவு, நாள்

காகிதங்களில் பெரிய மர்மம் இல்லை: கம்பெனிப் பதிவு, பான், ஜிஎஸ்டி சான்றிதழ், கையெழுத்திட அதிகாரம் தரும் கடிதம், அவருடைய அடையாள அட்டை, இரண்டு முனைகளுக்கும் முகவரிச் சான்று, வாடிக்கையாளர் விண்ணப்பம், பர்ச்சேஸ் ஆர்டர். எல்லோரும் மறப்பது வாடகைக் கட்டடத்தின் உரிமையாளர் தரும் ஆட்சேபணை இல்லை கடிதம். ஃபைபர் கேபிள் காம்பவுண்டு வரை வந்து நின்றுவிட்டது, மாடிக்கு ஏற்ற வாட்ச்மேன் விடவில்லை, உரிமையாளர் வெளிநாட்டில். எங்களுக்கு அதில் மட்டும் பன்னிரண்டு நாள் போயிற்று. ஆர்டர் போடும் அன்றே அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

செலவில் கொட்டேஷனின் முதல் பக்கத்தில் இருப்பது வருட வாடகை மட்டும். அதற்கு மேல் ஒருமுறைக் கட்டணம், கட்டடத்துக்குள் கேபிள் இழுக்கும் கூலி, சாலை தோண்ட வேண்டுமென்றால் அதற்கான தொகை, எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. பெரிய எம்டியுவுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் பேரம் பேசுங்கள், அது சுவிட்சில் ஒரு வரி. ஒப்பந்தம் முடியுமுன் லைனை ஒப்படைத்தால் மீதி மாதங்களுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பத்தியைக் கட்டாயம் படியுங்கள். "எழுத்தில் தந்த எம்டியு கிடைக்காவிட்டால் அபராதமின்றி ரத்து செய்யலாம்" என்ற ஒரு வாக்கியத்தை அங்கே சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு சேர்ப்பார்கள்.

நாள் கணக்கில், ஃபீசிபிலிட்டி சரி என்று வந்ததற்கும் லைன் எழும்பியதற்கும் நடுவே எங்களுக்குக் கோவையில் மூன்று வாரம், திருப்பூரில் ஏழு வாரம். பழைய லைனை அதற்குள் துண்டித்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது இரண்டுக்கும் வாடகை கட்டத் தயாராக இருங்கள்.

6. ரூட்டர் வாங்கும்போது

பெட்டியில் எம்பிஎல்எஸ் என்று எழுதியிருந்தால் போதாது, லைசென்ஸையும் பாருங்கள். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 சுவிட்சில் நெட்வொர்க் அட்வான்டேஜ் இருந்தால்தான் எம்பிஎல்எஸ் வரும், எசென்ஷியல்ஸில் வராது. இருப்பு பெட்டி ஒன்றை மறக்காமல் வாங்குங்கள். கிளைகளில் எல்லாம் ஒரே மாடல் என்றால் ஒரே இருப்பு போதும்.

7. கான்ஃபிகரேஷன், இந்த வரிசையில்

ஒவ்வொரு படியும் முடிந்து சோதித்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக ஒட்டிவிட்டுத் தேடாதீர்கள்.

இன்டர்ஃபேஸ் எம்டியுவை உயர்த்துங்கள், ஐபி கொடுங்கள். லேபிள் எதுவும் இல்லாமலே 1600 பைட் பிங் போகிறதா பாருங்கள். சிஸ்கோவில் அளவு என்று கொடுப்பதில் ஐபி தலைப்பும் அடங்கும், அங்கே 1600. லினக்ஸிலும் ஜூனிபரிலும் தலைப்பு அடங்காது, அங்கே 1572.

அடுத்து லூப்பேக் (எந்த லைனையும் சாராத, ரூட்டரின் நிலையான) முகவரி, கண்டிப்பாக /32, அதாவது ஒற்றை முகவரி. /24 கொடுத்தால் சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃப் அதை /32 என்று ஊருக்குச் சொல்லும், எல்டிபி /24-க்கு லேபிள் தரும், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. அப்புறம் ஓஎஸ்பிஎஃப், லைன் மேல் பாயின்ட்-டு-பாயின்ட் வகையாக. ஓஎஸ்பிஎஃப் போன்ற ஐஎஸ்-ஐஎஸ் பழக்கம் இருந்தால் அதுவே மேல். அது தன் ஹலோ பாக்கெட்டை எம்டியு அளவுக்கு ஊதி அனுப்பும், பெரிய ஃபிரேம் போகாத லைனில் அண்டைவீடே எழும்பாது. நான் அதை ஓட்டியிருந்தால் என் மூன்று வாரம் முதல் நாளிலேயே மிச்சமாகியிருக்கும்.

பிறகு எல்டிபி, லூப்பேக்கையே ரூட்டர் ஐடியாக வைத்து. ஜூனிபரில் இன்டர்ஃபேஸின் மேல் எம்பிஎல்எஸ் குடும்பத்தைச் சேர்க்க மறந்தால் லேபிள் பாக்கெட்டை அது ஏற்காது. எல்டிபியையும் ஓஎஸ்பிஎஃப்பையும் ஒத்திசைக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் லைன் திரும்பி வரும்போது பாதை முதலில் வந்துவிடும், லேபிள் பின்னால் வரும், நடுவில் உள்ள விநாடிகளில் விஆர்எஃப் போக்குவரத்து காணாமல் போகும்.

கடைசியாக, லூப்பேக்குகளுக்கு நடுவே உள் பிஜிபி. ஏஎஸ் எண் (பிஜிபியில் உங்கள் நெட்வொர்க்கின் அடையாளம்) 64512 முதல் 65534 வரை உள்ள தனியார் எண்களில் ஒன்று. நாலு கிளைக்கு மேல் என்றால் தலைமை அலுவலக ரூட்டரை ரூட் ரிஃப்ளெக்டர் (ஒரு கிளையின் பாதைகளை மற்றக் கிளைகளுக்குத் திருப்பிச் சொல்லும் ரூட்டர்) ஆக்குங்கள். நீட்டிக்கப்பட்ட கம்யூனிட்டியை அனுப்பும் வரி இருக்கிறதா என்று பாருங்கள், எந்தப் பாதை எந்த விஆர்எஃப்புக்கு என்று சொல்லும் ரூட் டார்கெட் அதில்தான் பயணம் செய்கிறது.

8. ஏற்புச் சான்றில் கையெழுத்துப் போடும் முன்

வந்த பொறியாளர் ஒரு லேப்டாப்பை மாட்டி, வேகம் காட்டி, நூறு பிங் அடித்து, "ஓகே சார், சைன் பண்ணுங்க" என்று பேனாவை நீட்டுவார். நான் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து வாடகை ஓடத் தொடங்கிற்று, என் பேச்சுக்கு மதிப்பும் குறைந்துபோயிற்று.

நீங்கள் அவரை உட்காரவைத்து ஒரு காபி கொடுங்கள். லேபிள் இல்லாத பெரிய பிங், பிறகு ரூட்டரிலிருந்து எம்பிஎல்எஸ் பிங், பிறகு விஆர்எஃப்புக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் துண்டாக்காத 1500 பைட் பிங், அதாவது விண்டோஸில் 1472. கடைசிச் சோதனையை நேரடியாக இணைந்த இரண்டு கிளைகளுக்கு நடுவே மட்டும் செய்தால் போதாது. மூன்றாவது கிளை வழியாகப் போகும் பாதையிலும் செய்யுங்கள். மூன்றாவது லைன் இன்னும் வரவில்லையா? எதிர்முனையில் எக்ஸ்ப்ளிசிட் நல் போடுங்கள். பாதை லேபிளும் கழறாமல் லைனில் வரும், இரண்டு லேபிளும் இருக்கும் நிலைமையை அன்றைக்கே பார்த்துவிடலாம்.

ஒய்.1564 அல்லது ஆர்எஃப்சி 2544 முறையில் எடுத்த லைன் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். எந்த ஃபிரேம் அளவில் ஓட்டினார்கள் என்ற வரியைப் பாருங்கள். 1518-ஓடு நின்றிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

9. லைன் செத்தாலும் விளக்கு எரியும்

உங்கள் ரூட்டர் பேசிக்கொண்டிருப்பது அறையில் உள்ள புரொவைடர் பெட்டியோடு. நடுவழியில் ஜேசிபி ஃபைபரை அறுத்தாலும் அந்தப் பெட்டியின் விளக்கு பச்சையாகவே எரியும், போர்ட் விழாது. ஓஎஸ்பிஎஃப் வழக்கமான கணக்கில் 40 விநாடி காத்திருந்துதான் இறப்பை அறிவிக்கும். பிஎஃப்டி (எதிர் ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் நெறிமுறை) போடுங்கள். 300 மில்லிவிநாடி, மூன்று தவறல் என்று வைத்தால் ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும். ஆசைப்பட்டு 50-க்கு இறக்காதீர்கள். புரொவைடர் உள்ளே பாதை மாற்றும்போதெல்லாம் உங்கள் பக்கம் எல்லாம் விழுந்து எழும்.

வேகத்தை உங்கள் ரூட்டரிலேயே கட்டுங்கள். போர்ட் 1 ஜிபிபிஎஸ், வாங்கியது 100 எம்பிபிஎஸ் என்றால் ரூட்டர் ஒரு ஜிகா வேகத்தில் கொட்டும், மறுமுனையில் கண்மூடித்தனமாக வெட்டுவார்கள், முதலில் அடிபடுவது போன் பேச்சு. நாங்கள் 95-இல் ஷேப்பிங் வைத்திருக்கிறோம். லேபிளில் உள்ள முன்னுரிமை பிட்டுகளைப் புரொவைடர் பார்ப்பார் என்று நம்ப வேண்டாம். டேக் போட்ட லைன் என்றால் வீலான் டேக்கின் முன்னுரிமையில் அதை நகலெடுத்து வையுங்கள்.

"தனியார் லைன்" என்பதால் குறியாக்கம் ஆகிவிட்டது என்று மேலாளர் நினைத்தால் திருத்துங்கள். எம்பிஎல்எஸ் எதையும் மறைக்காது.

10. ஓடத் தொடங்கிய பின்

புரொவைடர் பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். திருப்பூரில் அது ரிசெப்ஷன் மேசைக்கு அடியில், யுபிஎஸ் இல்லாத பிளக்கில், மொபைல் சார்ஜரோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு லைனின் சர்க்யூட் எண்ணையும், புகார் எண்ணையும், எழுத்தில் வாங்கிய எம்டியுவையும் ஒரு தாளில் அச்சடித்து ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். புகார் கொடுக்கும்போது "எம்பிஎல்எஸ் வேலை செய்யவில்லை" என்றால் உங்கள் ரூட்டரைப் பாருங்கள் என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். "இந்த சர்க்யூட்டில் 1526 பைட் ஃபிரேம் போகவில்லை, 1522 போகிறது" என்று சொல்லுங்கள்.

அவர்கள் இரவுப் பராமரிப்பில் சுவிட்ச் மாற்றும்போது பழைய எம்டியு புதிய பெட்டிக்கு வராமல் போவதுண்டு. அதற்காகத் திருப்பூரிலிருந்து சென்னைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 1500 பைட் பிங் அடிக்கும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதுவரை இரண்டு முறை அது என்னை எழுப்பியிருக்கிறது.